மையும் நீர்வண்ணமுமாக மரம் வரையும்போது நேரும் பிழைகள்: அறிகுறியும் காரணமும் மாற்றும்

மரத்தை வரைந்து முடித்து, அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்து, நான்கடி தள்ளி நின்று பார்க்கும்போதுதான் ஏதோ சரியில்லை என்று தெரிய வருகிறது. எது சரியில்லை என்பது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஏன் அப்படி ஆயிற்று என்பதுதான் எளிதில் பிடிபடாது. மையும் நீரும் சேர்ந்த இந்த முறையில் குறை தென்படும் இடம் ஒன்றாகவும், அது விளைந்த இடம் அதற்கு இரண்டு மூன்று படிகள் முந்தியதாகவும் இருக்கும். இலைத்திரள் கெட்டிருந்தால் காரணம் பெரும்பாலும் பச்சையில் இருக்காது, தூரிகை தாளைத் தொட்ட நேரத்தில் இருக்கும். அடிமரம் பொய்யாகத் தெரிந்தால் காரணம் பட்டையின் கோடுகளில் இருக்காது, கிளை பிரியும் இடத்தின் தடிமனில் இருக்கும். ஆகவே கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் தாளில் தெரியும் அறிகுறியைத் தேடி நேரே அங்கே போகலாம்.

300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, சற்றுச் சொரசொரப்பான நீர்வண்ணத் தாள், நீரில் கரையாத கறுப்பு மை, நுனி கூடும் உருண்டைத் தூரிகை ஒன்று, ஆறேழு வண்ணங்கள் ஆகியவை கையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டுக்கு வரும் மரங்கள் வேம்பு, புளி, ஆல், தென்னை என்று நம் தெருவில் நிற்பவையே.

வண்ணம் பட்டதும் கோடு கரைந்து ஓடுகிறது

இந்தப் பிழையை நான் கற்றது ஓர் ஆலமரத்தின் விலையில். விழுதுகள் ஒவ்வொன்றையும் ஊற்றுப்பேனாவால் இரண்டு மணி நேரம் வரைந்துவிட்டு, மேலே வெளிர்மஞ்சள் வாஷ் ஒன்றை, அதாவது நீர் மிகக் கலந்த மெல்லிய வண்ணப்பூச்சை, விரித்தேன். தூரிகையின் இரண்டாம் இழுப்பிலேயே விழுதுகள் எல்லாம் நீலச் சாயமாகக் கசிந்து, மஞ்சள் முழுவதும் அழுக்குப் பச்சையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எழுதப் பயன்படும் மையில் இருப்பது நீரில் கரையும் சாயம். அது எத்தனை நாள் காய்ந்தாலும் நீர் பட்டால் திரும்பக் கரையும். நீர்வண்ணத்துக்கு அடியில் நிற்கக்கூடியது நிறமித்துகள் கொண்ட மைதான். தொட்டு எழுதும் நிப்புக்கான இந்தியன் இங்க், கரித்துகளை அரக்குப் போன்ற பிணைப்பானோடு சேர்த்தது, காய்ந்தபின் அசையாது. ஊற்றுப்பேனாவில் ஊற்றுவதற்கென்றே தயாரிக்கும் நிறமி மைகளும், நிறமி மை நிரப்பிய நுண்முனைப் பேனாக்களும் இதே வேலையைச் செய்யும். ஆனால் புட்டியின் மேலுள்ள எழுத்தை நம்பாமல், அதே தாளின் ஒரு துண்டில் கிறுக்கி, ஐந்து நிமிடம் கழித்து ஒரு பாதியிலும் ஒரு மணி நேரம் கழித்து மறு பாதியிலும் ஈரத்தூரிகையை இழுத்துப் பார்ப்பதே சரியான சோதனை.

கோடு முழுவதும் கரையாமல் சில இடங்களில் மட்டும் கசிந்தால், குற்றம் மையில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. நிப்பை அழுத்திய இடங்களிலும், கிளைகள் சேரும் கவட்டிலும் மை தேங்கி நிற்கும். மேலே ஆடை படிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். மழை மாதங்களிலும் கடலோர ஊர்களிலும் இந்தத் தேக்கம் காய அரை மணிக்கு மேலும் ஆகலாம். தாளைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்து, கோட்டில் பளபளப்பு இருக்கிறதா என்று கவனித்த பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

வரையும்போதே கோட்டின் இருபுறமும் மயிர்க்கால் முளைத்தது போல மை பரவினால், தாள் இன்னும் ஈரமாக இருக்கிறது அல்லது நீரை உடனே உறிஞ்சாமல் தடுக்கும் தாளின் பசைப்பூச்சு போய்விட்டது என்று பொருள். பின்னதைப் பற்றித் தாள் குறித்த பகுதியில் சொல்கிறேன். நன்றாக இருந்த கறுப்பு, பென்சில் கோட்டை அழித்த பிறகு சாம்பலாக வெளுத்துவிட்டால், மை தாளில் இறங்காமல் பென்சில் கரியின் மேலேயே படிந்திருந்திருக்கிறது; ரப்பர் கரியோடு மையையும் கொண்டுபோய்விட்டது. பென்சிலை முதலில் மாவுரப்பரால் ஒற்றி எடுத்து, கோடு இருப்பதே மங்கலாகத் தெரியும் அளவுக்கு ஆக்கிக்கொண்டு அதன் மேல் மையிட்டால் இது நேராது.

பேனா அடைத்துக்கொள்கிறது, அல்லது தாளைக் கீறுகிறது

இந்தியன் இங்கை ஊற்றுப்பேனாவில் ஊற்றியிருந்தால் அது அடைக்கத்தான் செய்யும். வேறு காரணம் தேட வேண்டாம். தொலைவிலுள்ள மரங்களுக்காக மையை நீர்த்துச் சாம்பலாக்கும்போது அது திரிதிரியாகப் பிரிந்தால், நீங்கள் கலந்தது ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீராக இருக்கலாம். உப்பு பட்டால் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் ஒரு புட்டி வாங்கி வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் வரும். நுண்முனைப் பேனாவின் 01 எண் நுனி சுமார் 0.25 மி.மீ. கோடு தருவது, சொரசொரப்பான தாளில் அழுத்தினால் அந்த நுனி சில நாளிலேயே உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட தாளுக்கு 0.45 மி.மீ. அளவுள்ள 05 எண்ணை எடுத்துக்கொண்டு, கையை இலேசாக வைப்பது சிக்கனமும் ஆகும்.

இலைத்திரள் பூக்கோசு போலவோ பஞ்சுப் பொதி போலவோ இருக்கிறது

எல்லோருக்கும் நேரும் பிழை இது. நேரும் வழியும் எல்லோருக்கும் ஒன்றே. முதலில் மரத்தின் வெளிவிளிம்பை நெளிநெளியான மைக்கோட்டால் சுற்றி வளைத்து மூடிவிட்டு, அந்த வேலிக்குள் பச்சையை நிரப்புகிறோம். கோடு மூடியவுடன் அது ஒரு பொருளின் ஓரமாகிவிடுகிறது. மரத்துக்கு அப்படி ஓர் ஓரம் கிடையாது. விளிம்பில் இருப்பது இலையும் வானமும் மாறிமாறி வரும் ஒரு பிசிறு மட்டுமே.

இதற்கு நான் கடைப்பிடிப்பது ஒரு வரிசைமுறை. அடிமரத்துக்கும் கிளைக்கும் மை முதலில், வண்ணம் பிறகு. இலைத்திரளுக்கு வண்ணம் முதலில், மை பிறகு. மரத்தின் கட்டுமானம் உறுதியானது, அதற்குக் கோடு அடித்தளமாக நிற்கலாம். இலைத்திரளோ வெளிச்சமும் நிழலுமான ஒரு திரட்சி. தண்ணீர் அதன் வடிவத்தை முடிவு செய்த பிறகு, எந்த இடத்தில் இலை என்று கண்ணுக்குச் சொல்லித்தர வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும் பேனா போனால் போதும். எல்லாவற்றுக்கும் மையை முதலில் போட்டுவிட்டு, வண்ணம் தீட்டும் புத்தகம் போல நிரப்பிக்கொண்டு போவதுதான் பெரும்பாலான இலைக் குறைகளுக்கு மூலம் என்பது என் முடிவு.

செய்முறை இப்படி. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மரத்தைப் பாருங்கள். ஆயிரம் இலை மறைந்து நான்கைந்து திரட்டுகள் மட்டும் தெரியும். ஒவ்வொரு திரட்டுக்கும் வெளிச்சம் வாங்கும் மேற்புறமும் இருண்ட அடிப்புறமும் உண்டு. தூரிகையை நிமிர்த்திப் பிடிக்காமல், அதன் வயிறு தாளில் படும்படி கிடத்தி, பாதி உலர்ந்த வண்ணத்தோடு வேகமாக உரசினால், தாளின் மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டிப் பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளைப் புள்ளிகளே விளிம்பின் பிசிறைத் தாமாகக் கொண்டுவரும். உரசலின் நடுப்பகுதி ஈரமாக இருக்கும்போதே அடிப்புறத்தில் கருமையான பச்சையை ஒருமுறை தொட்டுவிட்டு விலகிக்கொண்டால், அது மேல்நோக்கிப் பரவித் திரட்டுக்கு உருண்டை வடிவத்தைத் தரும்.

உலர்ந்தபின் பேனாவை எடுக்கும்போது எந்த மரம் என்ற கேள்வி எழுகிறது. புளிய இலையின் சிற்றிலைகள் விரல்நகத்திலும் சிறியவை. பத்தடி தொலைவிலேயே அவை தூசுப்படலம் போலத் தெரியும் என்பதால், அதற்குப் புள்ளியும் குறுக்கோடுமே பொருந்தும். வேப்பிலை நீண்டு, ரம்பப்பல் விளிம்போடு, ஒரு பக்கம் வளைந்து தொங்கும். அதற்குக் கீழ்நோக்கிய பிறைக்கீற்றுகள் வேண்டும். ஆலிலை தடித்தது, கிளைநுனியில் கொத்தாக நிற்பது. அங்கே முழு இலையின் வடிவமே விளிம்பில் இரண்டு மூன்றாவது தெரிய வேண்டும். எல்லா மரத்துக்கும் ஒரே ‘3’ போன்ற நெளிவைப் போடுவதால்தான் எல்லா மரமும் பூக்கோசு ஆகின்றன.

இலைகளுக்கு நடுவே வானம் தெரியும் ஓட்டைகள் இல்லாவிட்டாலும் இதே கனமான தோற்றம் வரும். அந்த ஓட்டைகளை முதலிலேயே விட்டு வைக்க வேண்டும். வெளிவானத்தைவிட ஒரு நூல் கருமையாக அவற்றை நிரப்பினால் மரத்தினுள் இருப்பவையாகத் தோன்றும்; அதே வெளுப்பில் விட்டால் காகிதத்தில் பொத்தலிட்டது போல் முன்னால் துருத்தும். விட மறந்திருந்தால், உலர்ந்தபின் வெள்ளைக் குவாஷில் (அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) ஒரு துளி நீலம் சேர்த்து நான்கைந்து இடத்தில் வைத்து, ஒவ்வோர் ஓட்டைக்குக் குறுக்கேயும் ஒரு சுள்ளியை மைக்கோட்டால் ஓட்டிவிடலாம். சுள்ளி ஓடியவுடன் ஒட்டுவேலை தெரியாது.

வாஷின் நடுவில் பூப்பூவாக வெளிறிப் போகிறது

பாதி உலர்ந்த வாஷில் அதைவிட நீர் மிகுந்த தூரிகை பட்டால், புதிய நீர் பழைய நிறமியை வெளியே தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்க்கிறது. பற்கள் கொண்ட அந்த ஓரத்தைத்தான் ‘பூத்துவிட்டது’ என்கிறோம். நிழல் சரியாக இல்லையே என்று நடுவில் திரும்பப் போய்த் தொடுவதே இதற்குக் காரணம்.

தாளின் ஈரத்துக்கு நான்கு நிலைகள் உண்டு என்று பழகிக்கொள்ளுங்கள். முகம் பார்க்கலாம் போல மினுங்கும்போது எதைத் தொட்டாலும் அது எல்லை இல்லாமல் பரவும். மினுக்கம் தணிந்து, பட்டுத்துணியின் மங்கிய பளபளப்பு வரும்போது, தூரிகையில் தாளைவிடக் குறைந்த நீரும் மிகுந்த நிறமியும் இருந்தால் இலைநிழல் மெத்தென்று உட்காரும்; மரம் வரைபவருக்கு உரிய நேரம் அதுவே. பளபளப்பு முற்றிலும் போய், புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் மூன்றாம் நிலையில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஏனெனில் பூப்பவை எல்லாம் இங்கேதான் பூக்கின்றன. குளிர்ச்சியும் போனபின் அடுத்த அடுக்கைத் தாராளமாக வைக்கலாம். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் உட்கார்ந்தால் இந்த நான்கும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும்; மார்கழி அதிகாலையில் இரண்டாம் நிலையே கால் மணி நேரம் நீளும். ஆகவே நிமிடக் கணக்குச் சொல்லும் குறிப்புகளை நம்பாமல் பளபளப்பை நம்புங்கள்.

ஏற்கனவே பூத்துவிட்டதைத் துடைத்து அழிக்க முயன்றால் தாள் நூல்விடும். முழுவதும் உலரவிட்டு, பிழிந்த தூரிகையால் பல் விளிம்பை மட்டும் நனைத்து டிஷ்யூவால் ஒற்றுங்கள். இலைத்திரளுக்குள் பூத்திருந்தால் அதுவும் வேண்டாம். அந்தப் பல் விளிம்பையே ஒரு கொத்தின் மேல்விளிம்பாகக் கொண்டு, அதன் பின்னால் கருமையை வைத்தால் அது இலையாகிவிடும். மரம் வரைபவருக்குக் கிடைக்கும் சலுகை இது. வானம் வரைபவருக்குக் கிடையாது.

பச்சை கண்ணைக் குத்துகிறது

ட்யூபிலிருந்து வந்த பச்சையை அப்படியே வைத்தால் மரம் பிளாஸ்டிக் செடி போலாகும். தாலோ கிரீன் என்ற நிறமி மிகுந்த வீரியம் உடையது. தனியாக நின்றால் எந்த இலையின் நிறமும் அதற்கு இல்லை. சாப் கிரீன் என்ற மஞ்சள் சாயல் பச்சையில் சிறிது பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேர்த்தாலே பாதிக் குறை தீரும். பச்சையே வாங்காமல், அல்ட்ராமரீன் நீலத்தோடு ஒரு வெதுமஞ்சளைச் சேர்த்துப் பழகினால் ஒவ்வொரு முறையும் சற்று வேறுபட்ட பச்சை கிடைக்கும். அந்த வேறுபாடுதான் மரத்துக்கு வேண்டியது. கறுப்பைத் தொடவே கூடாது என்று சொல்லித்தருகிறார்கள். எலுமிச்சை மஞ்சளில் துளிக் கறுப்பைக் கலந்து பாருங்கள். கோடையில் தூசு படிந்த சாலையோரப் புளியின் பழுத்த பச்சை அப்படியே வரும்.

நிறத்தைக் கலப்பதைவிட அதைப் பார்க்கத் தெரிவது முக்கியம். நண்பகலில் ஒரு மாமரத்தடியில் நின்று மேலே பாருங்கள்: வெயில் ஊடுருவி வரும் இலை மஞ்சளுக்கு நெருங்கிய, ஒளிரும் பச்சை. அதே மரத்தை வெளியே வந்து பக்கவாட்டில் பார்த்தால், வழவழப்பான மேற்புறங்களில் வானம் பிரதிபலித்து அவை ஏறக்குறைய வெளிர்நீலமாக, சில இடங்களில் வெள்ளையாகவே இருக்கும். நிழலில் இருப்பவை மட்டும்தான் நாம் ‘இலைப்பச்சை’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் நிறம். இந்த மூன்றையும் ஒரே பச்சையின் வெளுப்பும் கருப்புமாகத் தீட்டினால் குத்தத்தான் செய்யும். பங்குனி, சித்திரையில் வேம்பின் கொழுந்து செம்பு நிறத்தில் வருவதையும் கவனிக்க வேண்டும். இலைத்திரளின் உச்சியில் நீர்த்த பர்ன்ட் சியன்னா நான்கு தொடுகையாக இருந்தால் கீழே உள்ள பச்சை முழுவதும் அடங்கிவிடும்.

ஈரமாக இருந்தபோது சரியாக இருந்த நிறம் உலர்ந்தபின் வெளிறிவிட்டதென்றால் அது பிழையே இல்லை, நீர்வண்ணத்தின் இயல்பு. ஒரு படி கருமையாகக் கலந்துகொள்ளுங்கள்.

நிழல் சேறாகிவிட்டது

சேறு என்பது ஒரு நிறத்தின் பெயரன்று. ஒளி ஊடுருவாத பூச்சின் பெயர். பழுப்பும் சாம்பலும் தம்மளவில் சேறு ஆகா. அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பலைப் போல அடிமரத்துக்குப் பொருத்தமான நிறம் வேறு இல்லை. அல்ட்ராமரீனின் துகள்கள் தாளின் குழிகளில் தங்கிப் பட்டையின் சொரசொரப்பைத் தாமே தந்துவிடும்.

சேறு மூன்று வழிகளில் வருகிறது. நான்கைந்து நிறமிகள் ஒரே கலவையில் சேர்வது முதல் வழி. ட்யூபில் உள்ள பச்சையே இரண்டு மூன்று நிறமிகளின் கலவையாக இருக்கக்கூடும் என்பதால், அதனோடு இன்னும் இரண்டு சேரும்போது கணக்கு மீறிவிடுகிறது. அடியில் உள்ள அடுக்கு உலர்வதற்குள் மேலே தேய்த்து அதையும் கிளறிவிடுவது இரண்டாவது. மூன்றாவது அழுக்குத் தண்ணீர்: கழுவுவதற்கு ஒரு குவளை, கலப்பதற்கு ஒரு குவளை என்று இரண்டு வைத்துக்கொண்டால் அது தீரும். ஏற்கனவே சேறான இடத்தில் மேலும் வண்ணம் வைக்க வேண்டாம். உலரவிட்டு, சுத்தமான நீர் தொட்ட கட்டைத் தூரிகையால் மெல்ல உரசி, ஒற்றி எடுத்து, கிடைத்த மங்கலின் மேல் பேனாவின் இணைகோடுகளால் நிழலைக் கட்டுவதே வழி. அரக்கு கலந்த மை என்றால் இந்த உரசலை அடியில் உள்ள கோடுகள் தாங்கும்.

அடிமரம் தூண் போலவும் கிளைகள் மீன்முள் போலவும் இருக்கின்றன

கிளை பிரியும்போது மரம் எவ்வளவு மெலிகிறது என்பதற்கு லியோனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் எழுதிவைத்த ஒரு விதி இன்றும் வரைபவருக்கு உதவுகிறது: ஒரு மட்டத்தில் உள்ள கிளைகளின் குறுக்குப்பரப்புகளைக் கூட்டினால் அடிமரத்தின் குறுக்குப்பரப்பு வரும். தாளில் இதை இப்படிப் பயன்படுத்தலாம். 10 மி.மீ. அகலத்தில் வரைந்த அடிமரம் இரண்டு சம கிளைகளாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 மி.மீ. இருக்க வேண்டும், மூன்றாகப் பிரிந்தால் 6 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நாமோ பழக்கத்தில் 3 மி.மீ. கிளைகளை ஒட்டவைக்கிறோம், தூணில் குச்சி செருகியது போல இருப்பதன் காரணம் அதுதான். கிளை பிரியாத வரை தடிமன் பெரிதாகக் குறையாது, பிரியும் இடத்தில்தான் குறையும் என்பதும் இதில் அடங்கும். சீராகக் கூம்பிக்கொண்டே போகும் கிளை முள்ளங்கி போலத் தெரியும்.

தென்னையும் பனையும் இந்த விதிக்கு வெளியே நிற்பவை. அவற்றின் தண்டு ஆண்டுதோறும் வளையமிட்டுப் பருப்பதில்லை. அடியில் சற்றுப் பருத்து, பிறகு உச்சிவரை ஏறத்தாழ ஒரே தடிமனில் போகும். தென்னந்தண்டில் மட்டை விழுந்த தழும்பு வளையங்களை எல்லாம் நேர்க்கோடாகப் போட்டால் தட்டையான பலகை போலாகும். கண்மட்டத்தில் வரும் வளையம் மட்டுமே நேர்க்கோடு. அதற்கு மேலே போகப் போக வளையம் மேல்நோக்கி வில்லாக வளையும், கீழே வர வரக் கீழ்நோக்கித் தொங்கும். ஐந்தாறு வளையங்களை மட்டும், அவற்றையும் தண்டின் நிழற்பக்கத்திலிருந்து தொடங்கிப் பாதிவழியில் விட்டுவிட்டால், தண்டு உருண்டுவிடும்.

ஆலமரம் வேறொரு வகையில் ஏமாற்றும். நடுவில் ஓர் அடிமரத்தைத் தேடி அதிலிருந்து தொடங்கினால் படம் கைக்கு அடங்காது. சென்னை அடையாறில் பிரம்மஞான சபை வளாகத்தில் உள்ள பெரிய ஆலின் தாய்மரம் 1989-இல் புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகளே மரமாகி நின்றுகொண்டிருக்கின்றன. அங்கே உட்கார்ந்து வரைபவர் முதலில் வரைய வேண்டியது விழுதுகளுக்கு நடுவே உள்ள வெளிச்ச இடைவெளிகளை. இடைவெளிகளைச் சரியான வடிவத்தில் வெளிர்வாஷால் விட்டு வைத்தால், விழுதுகள் தாமே நிற்கும்.

எல்லாக் கிளையும் இடமும் வலமுமாக மட்டும் போவதே மீன்முள் தோற்றத்துக்குக் காரணம். நம்மை நோக்கி வரும் கிளை குட்டையாகவும் தடித்தும், அடிமரத்தை மறைத்துக்கொண்டும் வரும்; அப்படி ஒன்றையாவது வரையுங்கள். பின்னால் போகும் கிளையை நீர்த்த மையால் மெல்லிய கோடாகப் போடுங்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்கு ஆண்டில் பல மாதம் மரத்தின் எலும்புக்கூடு வெளியே தெரிகிறது. நமக்கு அந்த வசதி குறைவு. ஆகவே மாசி, பங்குனியில் இலையுதிர்த்த வேம்பையும், கோடையில் மொட்டையாக நிற்கும் உதிய மரத்தையும் கண்டால், வெறும் பேனாவோடு உட்கார்ந்துவிடுவது ஒரு வாய்ப்பைத் தவறவிடாமல் இருப்பதற்காக.

மரம் தரையில் நிற்காமல் மிதக்கிறது

அடிமரத்தின் அடியில் ஒரு நேர்க்கோடு போட்டு முடித்திருப்பீர்கள். அடிமரம் தரையைத் தொடும் இடத்தில் வேர்மேடுகள் வெளியே விரிய, கோடு ஒரு பக்கம் மண்ணில் கரைய வேண்டும்; புல்லோ சருகோ அந்த இடத்தை ஆங்காங்கே மறைக்கட்டும். நிழல் அடிமரத்தை ஒட்டியே தொடங்க வேண்டும். நம் ஊர் நண்பகலில் அது மரத்தின் நேர் கீழே தட்டையான நீள்வட்டமாகக் கிடக்கும்.

அந்த நிழலுக்குள் சிந்தியிருக்கும் வெளிச்சத் துளிகளை இலை வடிவத்தில் வரைவது அடுத்த பிழை. இலைகளின் நடுவே உள்ள ஒவ்வொரு சிறு இடைவெளியும் ஊசித்துளை கேமரா போல வேலை செய்து சூரியனின் உருவத்தையே தரையில் விழச்செய்கிறது. இடைவெளி எந்த வடிவத்தில் இருந்தாலும் தரையில் விழுவது வட்டம். பகுதிச் சூரிய கிரகணத்தன்று அவை எல்லாம் பிறையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். எனவே ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்த நீள்வட்டங்களாக அவற்றை விட்டு வையுங்கள். நமக்கு அருகே பெரிதாகவும் தொலைவில் தட்டையாகவும். இதற்கு மாஸ்கிங் ஃப்ளூயிட் (வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மூடிவைத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) தேவையில்லை. மலிவான தாளில் அது தோலையும் உரித்துக்கொண்டு வரும்.

தாள் அலையலையாக நெளிகிறது; வண்ணம் புள்ளிபுள்ளியாக உறிஞ்சப்படுகிறது

200 ஜி.எஸ்.எம். தாளில் நிறைந்த நீரோடு வாஷ் போட்டால் நெளிவு வரும், பள்ளங்களில் நிறம் தேங்கும். நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிக்கொள்வது ஓரளவு தாங்கும். தாளை நனைத்து, பசைநாடாவால் ஒட்டி, பலகையிலேயே காயவைத்து இழுத்துக்கொள்வது முழுமையாகத் தாங்கும். முடித்த படம் நெளிந்திருந்தால், பின்புறத்தை ஈரப்பஞ்சால் இலேசாகத் துடைத்து, இரண்டு சுத்தமான தாள்களின் நடுவே வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு விடுங்கள். மை கரையாதது என்று உறுதியானால் மட்டுமே இதைச் செய்யலாம்.

வாஷ் போட்டவுடன் கருமையான புள்ளிகள் தோன்றி, தாள் உறிஞ்சுதாள் போல நடந்துகொண்டால், அதன் பசைப்பூச்சு கெட்டுவிட்டது. கடலோர ஈரத்தில் ஓரிரு மழைக்காலம் திறந்து கிடந்த தாளுக்கு இது நேரும். அதில் நீர்வண்ணம் இனி நடக்காது. பேனாப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். புதிய தாளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் உறையில் மூடிவைத்து, பெரிய வேலை தொடங்கும் முன் மூலையில் ஒரு கீற்று இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதுவும் தவறாகத் தெரியவில்லை, ஆனாலும் படம் இருண்டு கனக்கிறது

நிழலைப் பேனாவின் குறுக்குக் கோடுகளால் ஒருமுறை கட்டிவிட்டு, அதே இடத்தில் கரும்பச்சையால் இன்னொரு முறை கட்டியிருப்பீர்கள். ஒரே வேலையை மையும் வண்ணமும் இரண்டு தடவை செய்ததால் நிழல் இரட்டிப்பாகிவிட்டது. ஐயமிருந்தால் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இலைத்திரளின் அடிப்புறமும் அடிமரமும் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த இரண்டில் ஒன்றில் நிழலை வண்ணத்துக்கே விட்டு, பேனாவை அடுத்த படத்தில் அங்கே கொண்டுபோகாதீர்கள். அடிமரத்தில் வெயில் படும் பக்கத்தில் பட்டைக்கோடுகள் தேவையே இல்லை. நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் நீள்பட்டையில் மட்டும் நான்கைந்து வெடிப்புகள் இருந்தால் முழுப் பட்டையும் தெரிந்ததாகக் கண் ஏற்றுக்கொள்ளும்.

நெடுஞ்சாலைப் புளியமரங்களின் இடுப்பில் அடித்திருக்கும் வெள்ளைப் பட்டையில் இதை வரைந்து சரிபார்க்கலாம். வெயில் பக்கத்தில் அந்தப் பட்டை வெறும் தாள். நிழல் பக்கத்தில் அதுவே, மேலே உள்ள மரப்பட்டையின் வெயில் பக்கத்தைவிடச் சில வேளை இருண்ட நீலச்சாம்பல். வெள்ளை என்பதற்காக அதை விட்டுவிடாமல், அடிமரத்துக்குப் போட்ட நிழல் வாஷையே நிறுத்தாமல் பட்டையின் மேலும் இழுத்துக்கொண்டு போங்கள். உலர்ந்த பிறகு, பட்டையின் கீழ்விளிம்பை மட்டும் 01 எண் பேனாவால் பாதிவரை வளைத்து விடுங்கள்.